பயந்த உடலும் படகுத் துடுப்பும்





விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்து, சுகமாகி வீடு திரும்புகிறவர்களைப் பற்றி நீங்கள் நன்கு அறிவீர்கள். உங்கள் காணிக்கைகள் பெரும்பாலும் அவர்களுக்காகவே செலவிடப்படுகின்றன. எலும்பு கூடிவிடுகிறது. தையல் பிரிக்கப்படுகிறது. மாவுக்கட்டையும் வெட்டி எடுத்தாயிற்று. ஆனாலும் சிலருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. ரோட்டில் லாரி பிரேக் போடும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பஸ் வந்து நின்றால் ஏறக் கால் வருவதில்லை. வீட்டில் இருப்பவர்கள், "எல்லாம் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன பயம்?" என்கிறார்கள். சபையில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், "விசுவாசிக்குப் பயம் ஏது?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் கேட்கப்பட்டவர் அன்று இரவும் தூங்குவதில்லை. இருந்த பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு மருந்தும் ஜெபமும் ஆலோசனையும் தவிர, உடலைக் கொண்டும் ஏதாவது செய்ய முடியுமா, உடற்பயிற்சியும் விளையாட்டும் உள்ளத்துக் காயத்துக்கு உதவுமா என்று ஆதரவாளர்கள் சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு, அது எங்கே உதவுகிறது, எங்கே உதவாமல் நின்றுவிடுகிறது என்று பார்ப்பது நல்லது என்று எண்ணினோம். நாங்கள் எடுத்துக்கொண்டது துடுப்பு வலித்தல். நம்மில் பலருக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டுதான். ஆனால் பயத்தோடும் பழைய காயங்களோடும் வாழ்ந்த விளையாட்டு வீரர்கள் பலர் அந்தப் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் கதையை வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறார்கள்.

துடுப்பு வலித்தல் என்றதும் கேரளத்து வள்ளம் களிதான் நம் நினைவுக்கு வரும். அது வேறு. அங்கே வலிக்கிறவர்கள் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, கையில் பிடித்த துடுப்பால் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். நாம் சொல்லும் ஒலிம்பிக் விளையாட்டில், வலிக்கிறவர் போகும் இடத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். நீண்ட துடுப்புகள் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டிய தாங்கியில் பூட்டப்பட்டிருக்கும். உட்காரும் பலகைக்குச் சக்கரம் உண்டு. அது முன்னும் பின்னும் ஓடும். பாதங்கள் படகோடு பிணைத்த காலணிக்குள் இருக்கும். ஒற்றை ஆள் படகு சுமார் 8 மீட்டர் நீளமும், இடுப்பை மட்டும் கொள்ளும் அகலமும், 14 கிலோ எடையும் உள்ளது. எட்டுப்பேர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து சுக்கான் பிடித்துக் குரல் கொடுப்பார். பந்தயத் தூரம் 2000 மீட்டர். சென்னையில் இது புதிதும் அல்ல. அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867ல் தொடங்கப்பட்டது.

நம் தமிழ் வேதாகமத்தில் சீஷர்கள் தண்டு வலித்தார்கள் என்று வாசிக்கிறோம். தண்டை இழுப்பதற்கும் உடம்பு நோவதற்கும் நம் மொழியில் ஒரே வினைச்சொல் இருப்பதை இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் நின்று கவனித்தோம்.

படகுக்குப் போகுமுன் பயத்தைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பெரிய ஆபத்து வரும்போது மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாய மணி அடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேல்மூச்சாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்க்கவோ தேவன் நமக்குக் கொடுத்த ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் மணி நிற்க வேண்டும். சிலருக்கு அது நிற்பதில்லை. மாதங்கள் கழிந்த பின்னும் ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு தெருமுனை போதும். உடல் மறுபடியும் அதே ஆபத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இதற்கு ஒரு தனிப் பெயர் கொடுத்துச் சேர்த்தார்கள். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களைப் பார்த்துத்தான் முதலில் அதிகம் பேசினார்கள். பிறகு விபத்தில் தப்பியவர்கள், சிறுவயதில் கொடுமைப்பட்டவர்கள், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகள் எல்லாரிடமும் இதே நிலையைக் கண்டார்கள்.

இது பாவமும் அல்ல, அவிசுவாசமும் அல்ல. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் என்று சாவை வேண்டிக்கொண்ட அத்தியாயத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். கர்மேலில் அக்கினியை இறக்கினவர் அவர்! தேவதூதன் அவருக்கு முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிறகு நீண்ட நடை. அதற்கும் பிறகுதான் ஓரேபில் தேவன் அவரிடம் பேசினார். உடல் முதலில், பேச்சு பிறகு என்ற இந்த வரிசையை ஆத்தும பராமரிப்பில் இருக்கும் நாங்கள் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம்.

இனிப் படகுக்கு வருவோம்.

ஒரு துடுப்பு வீச்சில் இரண்டு பாகங்கள் உண்டு. முழங்காலை மடக்கி முன்னே வந்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, காலால் உதைத்து, முதுகைச் சாய்த்து, கையால் இழுப்பது முதல் பாகம். எல்லாப் பலமும் அதில்தான் செலவாகிறது. பிறகு துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, மெல்லச் சறுக்கி, பழைய இடத்துக்கு வருவது இரண்டாம் பாகம். இதற்கு ஆங்கிலத்தில் ரெகவரி என்றே பெயர். ஆபரேஷன் முடிந்தவரை வைக்கும் அறைக்கு நாம் சொல்லும் அதே சொல். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இரண்டாம் பாகத்தில்தான் அவசரப்படுவார்கள். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொல்வது, "இழுக்கும்போது வேகம், திரும்பும்போது நிதானம்" என்பதே. நிமிடத்துக்கு 18 அல்லது 20 வீச்சு என்ற நிதானமான ஓட்டத்தில், இழுக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் திரும்பி வருவதற்குச் செலவாகும். அந்த நேரத்தில் துடுப்பு தண்ணீரில் இல்லை, ஆள் ஒன்றும் தள்ளவில்லை, படகு மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தாளத்தோடு மூச்சும் கட்டுப்படுகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இருதயத் துடிப்பு சற்றே கூடும். வெளியே விடும்போது சற்றே குறையும். மூளையிலிருந்து நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் என்ற நரம்பின் வேலை அது. நிதானமாக, நீளமாக மூச்சை வெளியே விடும்போது அந்த நரம்பு உடலுக்கு அமைதிச் செய்தி அனுப்புகிறது. பயந்தவரிடம், "மூச்சை மெதுவாக விடு" என்று வாயால் சொன்னால் முடிவதில்லை. சொல்லச் சொல்ல இன்னும் திணறுவார். ஆனால் கைக்கும் காலுக்கும் ஒரு வேலை கொடுத்து, அந்த வேலையின் தாளத்தில் மூச்சு விடச் செய்தால் அது தானாக வருகிறது. உலக்கை போட்ட நம் பாட்டிமார்களும் ஏற்றம் இறைத்தவர்களும் பாட்டோடு ஏன் வேலை செய்தார்கள் என்பது இதைப் படித்த பின் எங்களுக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. பயத்தின் அடையாளங்களும் கடின உழைப்பின் அடையாளங்களும் ஒன்றே: வேகமாக அடிக்கும் இருதயம், வியர்வை, மேல்மூச்சு. பதற்ற நோய் உள்ளவருக்கு நெஞ்சு படபடத்தாலே, "ஏதோ ஆகப்போகிறது" என்று பயம் பிடிக்கும். படகில் தினமும் நெஞ்சு படபடக்கிறது, ஒன்றும் ஆவதில்லை, கரைக்கு வந்ததும் அடங்குகிறது. இப்படி நூறு தடவை நடந்த பிறகு, படபடப்பு எல்லாம் ஆபத்தல்ல என்று உடலே கற்றுக்கொள்கிறது. புத்திமதியால் வராத பாடம் இது.

சேர்ந்து வலிப்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பல்கலைக்கழகப் படகு வீரர்கள் 12 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2010ல் அச்சில் வந்தது. கரையில் வைத்துப் பழகும் துடுப்பு இயந்திரத்தில் அவர்களை 45 நிமிடம் தனியாக வலிக்கச் செய்தார்கள். இன்னொரு நாள் அதே 45 நிமிடம் கூட்டாகச் சேர்ந்து வலிக்கச் செய்தார்கள். முடிந்ததும் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு நோவு தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். செய்த வேலையின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சேர்ந்து வலித்த நாளில் நோவைத் தாங்கும் சக்தி அதிகமாக உயர்ந்திருந்தது. நோவைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்பின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. 12 பேர் என்பது சிறிய கணக்குதான். இதை வைத்துப் பெரிய கோபுரம் கட்டக் கூடாது. ஆனாலும் கூட்டமாகப் பாடி, கூட்டமாக முழங்காலில் நின்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்காது.

சிக்காகோ நகரத்து வெஸ்ட் சைடு பகுதியில் மேன்லி என்றொரு உயர்நிலைப் பள்ளி. தெருவுக்குத் தெரு ரவுடிக் கும்பல்கள், போதை மருந்து, இரவெல்லாம் துப்பாக்கிச் சத்தம் என்று பேர்போன பகுதி அது. 1990களின் பிற்பகுதியில் ஒருநாள் அந்தப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நீண்ட பந்தயப் படகைக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்லூரியில் துடுப்பு வலித்துப் பழகிய ஒரு பங்குச்சந்தை வியாபாரியின் முயற்சி அது. பிள்ளைகள் யாரும் கிட்டப் போகவில்லை. பெயர் கொடுப்பவர்களுக்கு இலவசமாக பீட்சா என்றார்கள். அதற்குத்தான் சிலர் வந்தார்கள்! அப்படி வந்தவர்களில் ஒருவர் அர்ஷே கூப்பர். அவருடைய தாயார் போதைக்கு அடிமையாக இருந்து, கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லம் ஒன்றில் மீண்டவர்.

அந்த அணியில் ஒருவருக்கொருவர் பகையான தெருக்களைச் சேர்ந்த பையன்கள் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றாலே பயம். ஒரு பையன் கோபத்தில் உடம்பைத் திருப்பினாலும் படகு சாயும், எட்டுப்பேரும் நனைவார்கள். பக்கத்தில் இருப்பவன் எந்தத் தெரு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முன்னால் இருப்பவனுடைய முதுகைப் பார்த்து, அவன் அசையும்போது அசைய வேண்டும். போகும் இடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால், குரல் கொடுப்பவரை நம்பியே ஆகவேண்டும். எந்நேரமும் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதுகுப் பக்கத்தை இன்னொருவர் கண்ணுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு உட்கார வேண்டும்.

தண்ணீருக்குப் போனால் போலீஸ் வண்டிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் காதில் விழாது, அங்கேதான் வேறு விதமான வாழ்க்கை ஒன்றை நினைத்துப் பார்க்க முடிந்தது என்று கூப்பர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எங்கள் அனுபவத்திலும் இது உண்மை. பயந்த மனதுக்கு முதலில் வேண்டியது அமைதியான ஓர் இடம். வார்டில் கட்டிலைச் சுற்றித் திரை போட்டுவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால்கூட முகம் மாறுவதைக் காண்கிறோம்.

அந்த அணி பெரிய பந்தயங்களை வென்று குவிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் மட்டுமே கொண்ட முதல் உயர்நிலைப் பள்ளிப் படகு அணி என்று பெயர் பெற்றது. கூப்பர் சமையற்கலைஞரானார், பிறகு தன் கதையைப் புத்தகமாக எழுதினார், ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுபோவதையே ஊழியமாக எடுத்துக்கொண்டார். 2020ல் அவர்கள் கதை ஆவணப்படமாக வந்தது. அதில் நடுத்தர வயதான அந்த நண்பர்கள் மறுபடியும் ஒன்றுசேர்ந்து படகேறுகிறார்கள். அதோடு நிற்காமல் சிக்காகோ போலீஸ்காரர்களையும் அழைத்து, அதே படகில் தங்களோடு உட்காரவைத்து வலிக்கிறார்கள். சிறுவயதில் யாரைக் கண்டால் ஓடினார்களோ அவர்களோடு ஒரே தாளத்தில்!

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்தில் வறட்சிப் பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் தத்து போகனல். தகப்பனார் கிணறு வெட்டும் கூலித் தொழிலாளி. 2012ல் ராணுவத்தில் சேர்ந்த பின்புதான் அவர் துடுப்பைத் தொட்டார். தண்ணீரைக் கண்டாலே அவருக்குப் பயம். அந்தப் பயத்தோடே பழகி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே துடுப்பு வீரராகி, ஒற்றையர் பிரிவில் 13ஆவது இடம் பெற்றார். அந்த ஆண்டு அவருடைய தாயார் விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவு இழந்த நிலையில் இருந்தார். 2018 ஆசிய விளையாட்டில் உடல்நலம் குன்றி ஒற்றையர் பந்தயத்தில் கடைசியாக வந்து சோர்ந்து விழுந்தவர், மறுநாளே மற்ற மூவரோடு நால்வர் படகில் ஏறித் தங்கம் வென்றார். தனியாகத் தோற்றவர் மறுநாள் துணையோடு ஜெயித்தார் என்று இதைச் சுருக்கிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவ்வளவு எளிதாக நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் விழுந்தவரை மறுநாள் படகில் ஏற்றிக்கொள்ள மூன்றுபேர் இருந்தார்கள் என்பது உண்மை.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். துடுப்பு வலித்தல் பயத்தைத் தணிக்கும் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மை.

விளையாட்டே பயத்தை உண்டாக்கவும் செய்கிறது. அணித் தேர்வுக்காக இயந்திரத்தில் 2000 மீட்டர் வலிக்கும் பரீட்சையைப் படகு வீரர்கள் தூக்குமேடையைப் போலப் பயப்படுவார்கள். அளவுக்கு மீறிய பயிற்சி தூக்கத்தையும் மனதையும் கெடுக்கும். உயர்மட்ட விளையாட்டு வீரர்களிடையே மனநோய்கள் மற்றவர்களைப்போலவே காணப்படுகின்றன என்பதை ஏற்று, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019ல் இதற்கென்றே மருத்துவ அறிக்கை வெளியிட்டது. உடல்பலம் உள்ளவருக்கு உள்ளம் நோகாது என்பது தவறான எண்ணம்.

கனடா நாட்டு சில்கன் லாமன் என்ற பெண்மணியின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1991ல் ஒற்றையர் பிரிவில் உலகச் சாம்பியன். 1992 மே மாதம், பார்சிலோனா ஒலிம்பிக்குக்குச் சுமார் பத்து வாரம் இருக்கும்போது, ஜெர்மனியில் எஸ்ஸன் என்ற இடத்தில் பந்தயத்துக்கு முன் பழகிக்கொண்டிருந்தார். எதிரே வந்த ஜெர்மானிய வீரர் இருவரின் படகு முனை அவர் காலில் பாய்ந்தது. எலும்பு முறிந்தது, கெண்டைக்கால் பக்கத்துச் சதை கிழிந்து தொங்கியது. ஐந்து ஆபரேஷன்கள். இனித் துடுப்பு வலிப்பதே சந்தேகம் என்றார்கள். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், சரியாக நடக்க முடியாத நிலையிலேயே படகில் ஏறி உட்கார்ந்தார். ஆகஸ்ட் மாதம் பந்தயத்தில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றார். உலகமே அவருடைய மனத்திடத்தைப் புகழ்ந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற்றார்.

காலில் பட்ட காயம் ஊரறிந்தது. அதற்கு முந்தின காயம் யாருக்கும் தெரியாது. 2014ல் எழுதிய தன்வரலாற்றில்தான், சிறுவயதில் வீட்டில் பட்ட கொடுமையையும், அதனால் பல ஆண்டுகள் தொடர்ந்த பதற்றத்தையும், மனச்சோர்வையும், சாப்பாட்டை வெறுத்து உடலை வருத்திக்கொண்டதையும் அவர் சொன்னார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய ஐம்பது. துடுப்பு அவரைத் தாங்கியது, அதில் சந்தேகமில்லை. அவருடைய கோபத்துக்கும் வலிக்கும் அது ஒரு வேலை கொடுத்தது. ஆனால் உள்ளே இருந்ததை அது குணமாக்கவில்லை. அதற்கு நம்பிக்கையான ஒருவர் முன் உட்கார்ந்து வாயைத் திறந்து பேச வேண்டியிருந்தது. முறையான சிகிச்சை வேண்டியிருந்தது. இன்று அவர் மனநலத்துக்காக வெளிப்படையாகப் பேசிவருகிறார். பதக்கம் வாங்கிய காலத்தில் அவர் பக்கத்தில் இருந்து, "உள்ளே எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க ஒருவர் இருந்திருக்கக் கூடாதா என்று அந்தக் கதையைப் படிக்கும்போது தோன்றியது. சிரித்த முகத்தோடு சபையில் சுறுசுறுப்பாக ஓடியாடி வேலை செய்கிறவர்களைப் பார்க்கும்போதும் எங்களுக்கு இது தோன்றுவதுண்டு. வேலை நல்லது. வேலைக்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும்.

எங்கள் பணியைச் சேர்ந்தவர் ஒருவரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த டோரி மர்டன் இறையியல் படித்தவர். பாஸ்டன் நகர மருத்துவமனையில் சாப்ளினாக வேலை பார்த்தவர். 1998ல் தனி ஆளாக அட்லாண்டிக் கடலைத் துடுப்பு வலித்துக் கடக்கப் புறப்பட்டார். 85 நாள் கழித்துப் பெரும்புயலில் படகு திரும்பத் திரும்பக் கவிழ்ந்து, அடிபட்டு, ஒரு கப்பலால் காப்பாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி கேனரித் தீவிலிருந்து மறுபடியும் புறப்பட்டு, 81 நாளில் டிசம்பர் 3ஆம் தேதி குவாடலூப் தீவை அடைந்தார். அந்தக் கடலைத் தனியாகத் துடுப்பு வலித்துக் கடந்த முதல் பெண் அவரே. பின்னாளில் எழுதிய புத்தகத்தில் அவர் தன் வீரத்தை அதிகம் பேசவில்லை. மனவளர்ச்சி குன்றிய சகோதரனைச் சிறுவயதில் மற்றவர்களிடமிருந்து காப்பாற்ற முடியாமல் தவித்த இயலாமையையே பேசுகிறார். நோயாளிகளின் கட்டிலருகில் நிற்கும் எங்களுக்கு அந்த இயலாமை அந்நியமானதல்ல.

நம் மருத்துவமனையில் படகும் இல்லை, ஏரியும் இல்லை. ஆனால் மேலே சொன்னவற்றில் படகு இல்லாமலே செய்யக்கூடியது உண்டு. விபத்துக்குப் பின் பயத்தில் இருப்பவரை, டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு, தனியாக நடக்கவிடாமல் கூடவே அதே அடி எடுத்து வைத்து நடங்கள். இரண்டு அடிக்கு மூச்சை உள்ளே, மூன்று நான்கு அடிக்கு வெளியே என்று எண்ணிக்கொண்டு நடக்கலாம். பேச வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். தினமும் அதே நேரம், அதே தூரம் என்றிருந்தால் நல்லது. சில நாளில் அவரே பேசத் தொடங்குவார். அப்போது புத்தி சொல்லாமல் கேளுங்கள். அவர் கேட்டுக்கொண்டால் ஜெபியுங்கள். இருதய நோய், முதுகெலும்புக் காயம் உள்ளவர்கள் எந்தப் பயிற்சிக்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேலாகியும் தூக்கமின்மை, பயங்கரக் கனவு, திடுக்கிடுதல் நீடித்தாலோ, வாழ்வதில் விருப்பமில்லை என்ற பேச்சு வந்தாலோ, நடையும் ஜெபமும் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் தரும் ஆலோசனைச் சிகிச்சை உண்டு, மருந்தும் உண்டு. அதைச் சாப்பிடுவது விசுவாசக் குறைவல்ல. சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறோமே, அதுபோலத்தான். மத்திய அரசு 2022ல் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசுவார்கள். இந்த எண்ணை உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் யாருக்கு எப்போது பயன்படும் என்று சொல்ல முடியாது.

வார்டுகளில் இருப்பவர்களையும், அவர்களோடு இரவில் விழித்திருக்கும் செவிலியர்களையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனை ஆத்தும பராமரிப்புக் குழுவினர்